எஸ்எஸ்எச் கதவை விடாமல் தட்டுகிறார்களா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கோத்தகிரியில் பலர் காலையில் எழுந்ததும் மாடியில் காயவைத்த துணி குரங்கின் கைக்குப் போகாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நான் சர்வர் லாக்கை, அதாவது அங்கே நடந்ததெல்லாம் வரிவரியாகப் பதிவாகும் கோப்பைப் பார்ப்பேன். சில தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் லினக்ஸ் பெட்டிகளைப் பராமரிப்பது என் வேலை. எந்த விவசாயி எத்தனை கிலோ பச்சைத் தேயிலை போட்டார், முன்பணம் எவ்வளவு வாங்கினார், மாதக் கடைசியில் பட்டுவாடா எவ்வளவு என்ற கணக்கெல்லாம் அந்தப் பெட்டிகளில்தான் இருக்கிறது. ஒன்று குன்னூரில், ஒன்று கூடலூரில், இன்னொன்று குந்தா பக்கம். மலைப்பாதையில் தினமும் ஓடிக்கொண்டிருக்க முடியாது என்பதால் தொலைவிலிருந்தே சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாகவே பார்த்துக்கொள்கிறேன். எனக்காகத் திறந்துவைத்த கதவை உலகத்தில் இருக்கும் எல்லா பாட்களும் (தானாக ஓடும் தாக்கு நிரல்கள்) தட்டிப் பார்க்கின்றன.

அவற்றை மெதுவாக்க உத்திகள் நிறைய இருக்கின்றன. ஆனால் நான் பட்டறிந்த வரையில், அவற்றில் பாதிக்கு மேல் தாக்குபவனைத் தொடுவதற்கு முன்பே நம் ஆட்களைப் பிடித்துவிடுகின்றன. அதனால்தான் கருவிகளின் பட்டியலாக எழுதாமல் என்னிடம் வருகிற புகார்களின் வரிசையில் எழுதுகிறேன். கட்டளைகளையும் அமைப்புப் பெயர்களையும் காதில் விழுகிறபடி தமிழில் தந்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது மூல எழுத்துகளில் அடியுங்கள்.

கை வைக்கும் முன்

இரண்டு ஜன்னல்களில் சர்வருக்குள் நுழைந்துகொள்ளுங்கள். ஒன்றில் வேலை செய்யுங்கள், மற்றொன்றைத் தொடாதீர்கள். எஸ்எஸ்எச் சேவையை மறுதொடக்கம் செய்தாலும் ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு அறுந்துபோகாது. தவறு நேர்ந்தால் அந்த இரண்டாவது ஜன்னல்தான் திரும்பும் வழி. அமைப்புக் கோப்பைத் திருத்தியதும், சர்வர் பக்கம் ஓடும் 'எஸ்எஸ்எச்டி' நிரலைச் சிறிய 'டி' விருப்பத்துடன் ஓட்டினால் எழுத்துப்பிழை இருந்தால் சொல்லிவிடும். மறுதொடக்கம் செய்தபின் மூன்றாவது ஜன்னலில் புதிதாக நுழைந்து பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றை மூட வேண்டும். எந்த இணைப்பை உள்ளே விடுவது என்று பார்க்கும் ஃபயர்வாலைத் தொடுவதாக இருந்தால், பத்து நிமிடத்தில் பழைய விதிகள் தானாகத் திரும்பும்படி 'அட்' கட்டளையில் ஒரு வேலையை வைத்துவிட்டுத் தொடங்குங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அந்த வேலையை ரத்து செய்துவிடலாம். இந்த எச்சரிக்கையை நான் எங்கே கற்றேன் என்பது பின்னால் வருகிறது.

அறிகுறி: லாக் முழுக்கத் தோல்விகள், ஆனால் சர்வர் நன்றாகவே ஓடுகிறது

புதிதாக சர்வர் வைத்தவர்கள் நுழைவு முயற்சிகள் பதிவாகும் ஆத்.லாக் கோப்பை முதல்முறை திறந்தால் மிரண்டுபோவார்கள். 'ஃபெயில்டு பாஸ்வேர்டு' என்று வரிக்கு வரி. ரூட், அட்மின், உபுண்டு, ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ், டெஸ்ட் என்று நம்மிடம் இல்லாத பயனர்களின் பெயர்களைக் கேட்டுக் கேட்டுப் போகும். 'பை' என்ற பெயரும் வரும். ராஸ்பெர்ரி பை கணினிகளில் ஒரு காலத்தில் தானாகவே இருந்த பயனர் பெயர் அது. 2022 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டார்கள். பழைய பெட்டிகள் இன்னும் எங்காவது ஓடிக்கொண்டிருக்கும் என்ற நம்பிக்கையில் பாட்கள் கேட்பதை நிறுத்தவில்லை. அவர்களின் நம்பிக்கை வீண் என்றும் சொல்ல முடியாது. 2016இல் இணையத்தை உலுக்கிய மிராய், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் 60 சொச்சம் பெயர்-கடவுச்சொல் ஜோடிகளை வைத்துக்கொண்டே பிடித்தது. அது தட்டியது டெல்நெட் கதவை, முறை ஒன்றுதான்.

தொட்டபெட்டாவில் கார் நிறுத்துமிடத்துக் குரங்குக்கு உங்கள் மேல் தனிப்பட்ட கோபம் கிடையாது. வரிசையாக ஒவ்வொரு கார் ஜன்னலையும் இழுத்துப் பார்க்கும். திறந்திருந்தால் பிஸ்கட் பொட்டலம் அதற்கு. இதுவும் அப்படித்தான். எனவே தோல்விகளை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். 'அக்ஸெப்டட்' என்று வரும் வரிகளைத் தேடுங்கள். அவற்றில் உங்களுக்குத் தெரியாத பெயரோ முகவரியோ நேரமோ இல்லையென்றால் சர்வருக்கு ஒன்றும் ஆகவில்லை. இருந்தால், நேராகக் கடைசிக்கு முந்தைய அறிகுறிக்குப் போய்விடுங்கள்.

செய்ய வேண்டியது: கடவுச்சொல் நுழைவை முடக்கிவிட்டுச் சாவிக்கு மாறுவது. சாவி என்பது ஒரு ஜோடிக் கோப்பு: ரகசியச் சாவி உங்களிடம், பொதுச் சாவி சர்வரில். 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டதால்தான் டாட்டு யுலொனென் எஸ்எஸ்எச்சை எழுதினார். வழியில் ஒட்டுக்கேட்பவனை அது தடுக்கும். வாசலில் நின்று ஊகித்துப் பார்ப்பவனை அதனால் மட்டும் தடுத்துவிட முடியாது. 'டீ123' என்ற கடவுச்சொல் எவ்வளவு அழகாக மறையாக்கம் செய்யப்பட்டுப் போனாலும் 'டீ123'தான். 'எஸ்எஸ்எச்-கீஜென்' கொண்டு எட்25519 வகைச் சாவி ஒன்றை உருவாக்குங்கள், அதற்கு ஒரு கடவுத்தொடரும் வையுங்கள், பொதுச் சாவியை சர்வரில் ஏற்றுங்கள், 'பாஸ்வேர்டு ஆதென்டிகேஷன்' அமைப்பை 'நோ' ஆக்குங்கள். இதற்குப் பின் செய்வதெல்லாம் இரைச்சலைக் குறைக்கும் வேலை. இதைச் செய்யாமல் மற்றதையெல்லாம் செய்பவர் தாழ்ப்பாள் இல்லாத வீட்டுக்கு நாய் வாங்குகிறார்.

அறிகுறி: கடவுச்சொல்லை முடக்கிய பிறகும் 'ஃபெயில்டு பாஸ்வேர்டு' வருகிறது

வாடகை மேகக் கணினிகளில் இது அடிக்கடி நடக்கிறது. நீங்கள் திருத்தியது 'எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்' கோப்பை. அதன் மேல்பகுதியிலேயே 'எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்.டி' கோப்புறையைச் சேர்த்துக்கொள்ளும் வரி ஒன்று இருக்கும். அந்தக் கோப்புறைக்குள் '50-கிளவுட்-இனிட்.கான்ஃப்' என்ற சிறு கோப்பில் கடவுச்சொல் நுழைவுக்கு 'யெஸ்' என்று எழுதியிருக்கும். பல நிரல்களில் கடைசியாக வருவது வெல்லும். எஸ்எஸ்எச்டியில் முதலில் வருவதுதான் வெல்லும். ஆகவே நீங்கள் கீழே எழுதிய 'நோ' வெறும் அலங்காரம்.

கோப்பை நம்பாமல் சர்வரையே கேட்பது நல்லது. 'எஸ்எஸ்எச்டி' நிரலைப் பெரிய 'டி' விருப்பத்துடன் ஓட்டினால், உண்மையில் நடைமுறையில் இருக்கும் எல்லா அமைப்புகளையும் கொட்டும். அதில் 'பாஸ்வேர்டு ஆதென்டிகேஷன்', 'கேபிடி இன்டராக்டிவ் ஆதென்டிகேஷன்' இரண்டும் 'நோ' என்று இருக்க வேண்டும். இரண்டாவதை மறப்பவர்கள் அதிகம். பேம் (லினக்ஸில் அடையாளம் சோதிக்கும் அடுக்கு) வழியாகக் கடவுச்சொல் கேட்கும் பின்கதவு அது. பிறகு வெளியிலிருந்து, சாவியைப் பயன்படுத்தாமல் கடவுச்சொல்லை மட்டும் முயலும்படி கிளையன்டிடம் சொல்லி ஒருமுறை தட்டிப் பாருங்கள். கடவுச்சொல்லே கேட்காமல் அனுமதி மறுக்க வேண்டும்.

சரியாக முடக்கிய பின்னும் லாக் காலியாகாது. பாட்கள் வந்து, கடவுச்சொல் கேட்கப்படாததால் திரும்பிப் போகும். 'ப்ரீஆத்' என்று முடியும் வரிகள் வந்துகொண்டே இருக்கும். அவை வாசல்வரை வந்த காலடித் தடம் மட்டுமே.

அறிகுறி: நம் ஆட்களுக்கே இணைப்பு ஒருமுறை கிடைக்கிறது, ஒருமுறை அறுகிறது

இந்தப் புகார் வந்தால் முதலில் திரையில் என்ன செய்தி வந்தது என்று கேளுங்கள். 'டைம்டு அவுட்' என்றால் ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்குகிறது, அல்லது லைனே இல்லை. 'ரெஃப்யூஸ்டு' என்றால் சேவை நின்றிருக்கலாம், அல்லது ஃபெயில்2பேன் (லாக்கைப் படித்து, திரும்பத் திரும்பத் தவறுபவரின் முகவரியைத் தடுக்கும் கருவி) தடை போட்டிருக்கலாம். அதன் வழக்கமான தடை, மறுப்பைத் திருப்பி அனுப்பும் வகை. யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் கருவியின் 'லிமிட்' விதியும் அப்படியே மறுக்கும். ஒரே முகவரியிலிருந்து 30 நொடிக்குள் 6 இணைப்புகள் வந்தால் அது கையை நீட்டிவிடும். 'கெக்ஸ்_எக்ஸ்சேஞ்ச்_ஐடென்டிஃபிகேஷன்' என்று தொடங்கி, எதிர்முனை மூடிவிட்டது என்று முடிந்தால் கதை வேறு. எஸ்எஸ்எச்சே உங்களை வாசலில் திருப்பி அனுப்புகிறது.

அதற்குக் காரணம் 'மேக்ஸ் ஸ்டார்ட்டப்ஸ்' என்ற அமைப்பு. தானாக வரும் மதிப்பு 10:30:100. இன்னும் அடையாளம் காட்டாத இணைப்புகள் 10 ஆகிவிட்டால், அடுத்து வருவதை நூற்றுக்கு 30 வாய்ப்பில் தள்ளிவிடும். கூட்டம் கூடக் கூட அந்த வாய்ப்பு ஏறி, 100ஐத் தொட்டால் யாருக்கும் அனுமதி இல்லை. இங்கே இருப்பவர்களுக்கு இ-பாஸை நினைத்தால் புரிந்துவிடும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் வந்தது. ஆனால் டிஎன் 43 (நீலகிரிப் பதிவு) வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டாம். 'மேக்ஸ் ஸ்டார்ட்டப்ஸ்'க்கு அந்த விவேகம் இல்லை. உள்ளூர் வண்டியா, வெளியூர்க் கூட்டமா என்று பார்க்காமல் சீட்டுக் குலுக்கிப்போட்டுத் திருப்பி அனுப்பும். பாட்கள் இருபது பேர் வாசலில் நின்றால், மாதக் கடைசியில் பட்டுவாடா போட உட்கார்ந்த கணக்கர்தான் வெளியே நிற்பார்.

கூட்டம் ஏன் தேங்குகிறது என்றால், ஒருவர் அடையாளம் காட்ட 'லாகின் கிரேஸ் டைம்' 120 நொடி தருகிறது. ஒன்றுமே சொல்லாமல் இரண்டு நிமிடம் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கலாம். அதை 30 ஆக்குங்கள். 5, 10 என்று இறக்க வேண்டாம். பந்தலூர் பக்கம் மழை நாளில் சிக்னல் ஒரு கோடாக இருக்கும்போது கைகுலுக்கவே பல நொடி போகும், சாவியின் கடவுத்தொடரைத் தட்டும் நேரமும் அதே கணக்கில் சேரும். ஓபன்எஸ்எஸ்எச் (லினக்ஸில் ஓடும் எஸ்எஸ்எச் மென்பொருள்) 8.5 முதல் 'பெர் சோர்ஸ் மேக்ஸ் ஸ்டார்ட்டப்ஸ்' இருக்கிறது. ஒரே முகவரியிலிருந்து இத்தனை பேர்தான் வாசலில் நிற்கலாம் என்று வரம்பு வைக்கலாம். அதோடு மொத்த எண்ணிக்கையையும் சற்று உயர்த்திவிட்டால் புகார் நின்றுவிடும்.

சிலர் 'லாகின் கிரேஸ் டைம்' 0 என்று வைத்திருப்பார்கள். 2024 ஜூலையில் குவாலிஸ் நிறுவனம் வெளியிட்ட 'ரெக்ரெஷ்ஷன்' ஓட்டைக்கு அது ஒரு தற்காலிக ஒட்டு. 0 என்றால் காலக்கெடுவே இல்லை. வாசல் அடைபட அதுவே போதும். 9.8 பதிப்பிலோ உங்கள் லினக்ஸ் விநியோகத்தின் பாதுகாப்புத் திருத்தத்திலோ அந்த ஓட்டை அடைக்கப்பட்டுவிட்டது. புதுப்பித்துவிட்டு அந்த 0ஐ எடுத்துவிடுங்கள்.

அதே 9.8இல் இன்னொன்றும் வந்தது. தவறாக முயல்பவரின் முகவரிக்கு எஸ்எஸ்எச்டியே அபராத நொடிகளைச் சேர்த்துவைக்கிறது. ஒவ்வொரு தோல்விக்கும் 5 நொடி, 15ஐத் தாண்டினால் கதவு மூடும், அதிகபட்சம் 10 நிமிடம். தானாகவே இயங்குகிறது. லாக்கில் 'பெனால்டி' என்ற சொல் தென்பட்டால் இதுதான். விலக்குப் பட்டியலும் உண்டு. டிஎன் 43க்கு இங்கே இடமிருக்கிறது.

அறிகுறி: ஃபெயில்2பேன் தொடங்கவே மறுக்கிறது

டெபியன் 12 என்ற லினக்ஸ் வகை என்றால் பெரும்பாலும் ஒரே காரணம்தான். அதில் லாக் கோப்பை எழுதும் ஆர்சிஸ்லாக் தானாக நிறுவப்படுவதில்லை, ஆத்.லாக் கோப்பே பிறப்பதில்லை. இல்லாத கோப்பைத் தேடி ஃபெயில்2பேன் விழுந்துவிடுகிறது. 'ஜெயில்.லோக்கல்' கோப்பில் 'பேக்எண்ட்' மதிப்பை 'சிஸ்டம்டி' (சேவைகளை இயக்கி, தனக்கென ஒரு லாக் வைத்திருப்பது) ஆக்குங்கள், பைத்தான்3-சிஸ்டம்டி பொதி இருக்கிறதா என்று பாருங்கள். 'ஜெயில்.கான்ஃப்' கோப்பைத் தொடாதீர்கள். அடுத்த புதுப்பிப்பில் தகராறு வரும்.

அறிகுறி: ஃபெயில்2பேன் ஓடுகிறது, ஒருவரையும் பிடிக்கவில்லை

இதில்தான் எனக்கு நிறைய நேரம் போயிருக்கிறது, அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

நேரத்தை முதலில் பாருங்கள். ஃபெயில்2பேனின் வழக்கமான கணக்கு: 10 நிமிடத்துக்குள் 5 தவறு, 10 நிமிடத் தடை. எனவே ஒரு வரி எப்போது எழுதப்பட்டது என்பதில்தான் அதன் உயிரே இருக்கிறது. புதிய சர்வர் யுடிசி (உலகப் பொது) நேரத்தில் எழுந்திருக்கும். பிறகு நீங்கள் இந்திய நேரத்துக்கு மாற்றுவீர்கள். ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஆர்சிஸ்லாக் பழைய நேரத்திலேயே எழுதிக்கொண்டிருக்கும். இப்போது நடக்கும் தாக்குதல் ஐந்தரை மணி நேரத்துக்கு முன் நடந்தது போலப் பதிவாகும். ஃபெயில்2பேன் அதைப் பழைய செய்தி என்று ஒதுக்கிவிடும். ஆர்சிஸ்லாக், ஃபெயில்2பேன் இரண்டையும் மறுதொடக்கம் செய்தால் போதும்.

மலையில் இதற்கு இன்னொரு வடிவமும் உண்டு. குந்தா பக்கத்துப் பெட்டி ஒரு ராஸ்பெர்ரி பை 4. அதில் மின்சாரம் போனாலும் ஓடும் கடிகாரம் கிடையாது. காற்றும் மழையும் மரத்தைச் சாய்த்து மின்சாரம் போய்த் திரும்பினால், கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்துதான் எழுந்திருக்கும். இணையம் வந்து நேரத்தைச் சரிசெய்யும்வரை நேற்றிலேயே வாழும். சரியாகும் அந்த நொடியில் அதுவரை எழுதிய வரிகள் எல்லாம் பழங்கதையாகிவிடும். மின்சாரம் ஒரே நாளில் நான்கு முறை போய் வந்தால், லாக்கைப் படிப்பது கிழிந்த நாட்குறிப்பைப் படிப்பது போல இருக்கும். சில நூறு ரூபாய்க்கு ஒரு கடிகாரச் சில்லு வாங்கிப் பொருத்திய பின்தான் எனக்கு நிம்மதி வந்தது.

நேரம் சரியாக இருந்தால் அடுத்து போர்ட், அதாவது கதவின் எண்; எஸ்எஸ்எச்சுக்கு வழக்கமாக 22. எஸ்எஸ்எச்சை வேறு எண்ணுக்கு மாற்றிவிட்டு ஃபெயில்2பேனிடம் சொல்ல மறந்திருப்பீர்கள். அது விசுவாசமாக 22ஆம் கதவை அடைத்துக்கொண்டிருக்கும்; தடைப்பட்டியலில் ஆள் இருப்பார், அவரே புதிய கதவில் தட்டிக்கொண்டும் இருப்பார்.

மூன்றாவது, பதிப்பு. ஓபன்எஸ்எஸ்எச் 9.8இலிருந்து எஸ்எஸ்எச்டி இரண்டு நிரல்களாகப் பிரிந்தது. தோல்வி வரிகள் இப்போது 'எஸ்எஸ்எச்டி-செஷன்' என்ற பெயரில் வருகின்றன. பழைய வடிகட்டிக்கு அந்தப் பெயர் தெரியாது. 'ஃபெயில்2பேன்-ரீஜெக்ஸ்' கருவியில் உங்கள் லாக்கையும் வடிகட்டியையும் கொடுத்தால் எத்தனை வரி பொருந்தியது என்று சொல்லும். பூஜ்யம் வந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் பிடிபடவில்லையா? அப்படியானால் எதிராளி விவரமானவன். ஆயிரம் முகவரிகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலிருந்தும் மணிக்கு ஒருமுறை தட்டுகிறான். முகவரிவாரியாக எண்ணும் எந்தக் கருவிக்கும் அவன் சிக்கமாட்டான். ஐபிவி6 என்றால் இன்னும் எளிது. ஒரு சாதாரண இணைப்புக்கே எண்ணிலடங்கா முகவரிகள் கொண்ட /64 தொகுதி முழுவதும் கிடைப்பதால், ஒற்றை முகவரியைத் தடுப்பது ஆற்றில் ஒரு கல்லைப் போட்டு வெள்ளத்தை நிறுத்துவதற்குச் சமம். கடவுச்சொல்லை முடக்கிவிட்டீர்கள் அல்லவா? அவன் தட்டிக்கொண்டே இருக்கட்டும்.

அறிகுறி: தடைப்பட்டியலில் நம் கணக்கர்

"அண்ணா, நான் கடவுச்சொல்லையே தொடவில்லை, ஆனால் உள்ளே விடமாட்டேன் என்கிறது" என்று கூடலூரிலிருந்து அழைப்பு வந்தது. அந்தப் பெண் சொன்னது உண்மை. அவர் கைப்பேசியின் இணையத்தில் மடிக்கணினியை இணைத்திருந்தார். கைப்பேசி நிறுவனங்கள் ஒரு பொது ஐபிவி4 முகவரியைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. அதே முகவரியின் பின்னால் எங்கோ ஒருவரின் வைரஸ் பிடித்த கருவி சர்வர் சர்வராகத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. தடை முகவரிக்கு விழுந்தது, மாட்டியது இவர்.

உடனடி நிவாரணம் எளிது: 'ஃபெயில்2பேன்-கிளையன்ட்' கட்டளையில் 'அன்பேன்ஐபி'. நிரந்தர நிவாரணத்துக்கு 'இக்னோர்ஐபி' பட்டியல் உதவாது, அவர் முகவரி நாளைக்கு மாறிவிடும். அந்த முகவரியை அனுமதித்தால் கூடவே அந்த வைரஸ்காரரையும் அனுமதித்ததாகும்.

சாவி வைத்திருப்பவரும் மாட்டலாம். மடிக்கணினியில் ஏழெட்டுச் சாவிகள் இருந்தால் கிளையன்ட் ஒவ்வொன்றாக நீட்டும். 'மேக்ஸ் ஆத் ட்ரைஸ்' 6 என்பதால் சரியான சாவி வருவதற்குள் கதவு மூடிவிடும். கிளையன்ட் அமைப்பில் 'ஐடென்டிட்டீஸ் ஒன்லி' என்று வைத்து, இந்த சர்வருக்கு இந்தச் சாவி என்று குறித்துவிடுங்கள்.

நான் கடைசியில் எடுத்த முடிவு வயர்கார்டு என்ற விபிஎன், அதாவது சர்வருக்கு நமக்கென்று ஒரு மறைச் சுரங்கம். 2020இல் வந்த 5.6 முதல் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது. சரியான சாவி இல்லாதவர் தட்டினால் பதிலே சொல்லாது. கதவு இருப்பதே வெளியில் தெரியாது. எஸ்எஸ்எச்சை அந்தச் சுரங்கத்துக்குள் மட்டும் கேட்கும்படி வைத்துவிட்டேன். அமைக்க ஒரு மாலை நேரம் ஆனது. அதற்குப் பின் அந்தப் பெட்டியில் ஃபெயில்2பேனுக்கு வேலையில்லை.

அறிகுறி: போர்ட்டை மாற்றினேன், என்னையே காணவில்லை

சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஒரு நவம்பர் இரவில் கோத்தகிரி வீட்டிலிருந்தபடியே கூடலூர்ப் பெட்டியின் போர்ட்டை மாற்றினேன். புதிய எண்ணை ஃபயர்வாலில் திறக்கவில்லை. இரண்டாவது ஜன்னல் இல்லை. சேவையை மறுதொடக்கம் செய்து, வெளியேறி, திரும்ப நுழையப் பார்த்தேன். மறுநாள் விடிவதற்குள் கிளம்பி, ஊட்டி வழியாக, நடுவட்டத்தில் முன்னால் போகும் லாரியின் பின்விளக்கு தெரியாத மூடுபனியில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அங்கே விசைப்பலகையைச் செருகி ஒரே ஒரு வரி அடித்தேன். தொழிற்சாலைக் காவலாளி டீ கொடுத்துவிட்டு, "இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தீர்கள்?" என்றார்.

முறை: முதலில் புதிய எண்ணை ஃபயர்வாலில் திற, பழைய எண்ணையும் விட்டுவை, புதிதில் நுழைந்து பார்த்த பின் பழையதை மூடு. ரெட்ஹேட் வகை என்றால் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் காவல் அடுக்குக்கும் 'செமேனேஜ்' மூலம் புதிய எண்ணைச் சொல்ல வேண்டும். மாற்றியும் மாறவே இல்லை என்றால் உபுண்டுவாக இருக்கும். 22.10 முதல் அதில் கதவைத் திறந்து நிற்பது எஸ்எஸ்எச் சேவை இல்லை, சிஸ்டம்டியின் 'எஸ்எஸ்எச்.சாக்கெட்'. 24.04இல் எண்ணை மாற்றியபின் 'டீமன்-ரீலோட்' செய்து அந்த சாக்கெட்டையும் மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

போர்ட் மாற்றம் பாதுகாப்பு என்று நான் நம்பவில்லை. இரைச்சல் பெருமளவு குறையும், அவ்வளவே. தேர்ந்தெடுப்பதாக இருந்தால் 1024க்குக் கீழே ஓர் எண்ணை எடுங்கள். அதற்கு மேலுள்ள எண்களில், எஸ்எஸ்எச்டி விழுந்த நேரத்தில் சாதாரணப் பயனரின் நிரல் ஒன்று அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள முடியும்.

அறிகுறி: சேற்றுக்குழி வைத்தேன், யாரும் விழவில்லை

எஸ்எஸ்எச் வேறு எண்ணுக்குப் போனபின் காலியான 22ஆம் கதவில், தாக்குபவனைப் பிடித்து நிறுத்தும் ஒரு சேற்றுக்குழி வைப்பது எனக்குப் பிடித்த விளையாட்டு. பாதுகாப்பு என்ற பெயரில் செய்கிறேன், உண்மையில் மகிழ்ச்சிக்காகத்தான். கிறிஸ்டோஃபர் வெலன்ஸ் 2019இல் எழுதிய எண்ட்லெஸ்ஹெச் இதைச் செய்கிறது. எஸ்எஸ்எச் நெறிமுறைப்படி, சர்வர் தன் பதிப்பைச் சொல்வதற்கு முன் வேறு வரிகளை அனுப்பலாம்; எத்தனை வரி என்று அந்த ஆவணம் வரம்பு போடவில்லை. எனவே எண்ட்லெஸ்ஹெச் 10 நொடிக்கு ஒருமுறை பொருளில்லாத ஒரு வரியை அனுப்பிக்கொண்டே இருக்கும். எதிராளி, இதோ வணக்கம் சொல்லிவிடும் என்று காத்துக்கொண்டே இருப்பான். மேல்மட்டப் புல்வெளிச் சதுப்பில் கால் வைத்த எருமை போல, இழுக்க இழுக்க உள்ளே.

யாரும் விழாவிட்டால் பெரும்பாலும் அது 22இல் கேட்கவே இல்லை. தானாக வரும் எண் 2222. 22க்கு மாற்றினால் அனுமதி இல்லை என்று நின்றுவிடும், 1024க்குக் கீழுள்ள எண்கள் ரூட் என்ற முழு அதிகாரப் பயனருக்கு உரியவை. சிஸ்டம்டி அலகில் 'கேப் நெட் பைண்ட் சர்வீஸ்' என்ற தகுதியைக் கொடுங்கள், 'ப்ரைவேட் யூசர்ஸ்' அமைப்பை அணைத்துவிடுங்கள். அல்லது 2222இலேயே விட்டுவிட்டு, ஃபயர்வாலில் 22க்கு வருவதை அங்கே திருப்பிவிடுங்கள்.

விழுந்தும் தாக்குதல் குறையவில்லை என்றால் வியக்க வேண்டாம். நல்ல பாட்கள் சில நொடியில் கையை உதறிவிட்டுப் போகும், ஒரே நேரத்தில் நூறு கதவைத் தட்டும். முட்டாள் பாட்கள் மட்டுமே மணிக்கணக்கில் நிற்கும். பழக்கதோஷத்தில் பழைய எண்ணைத் தட்டும் நம் ஆட்களும் நிற்பார்கள்; நான் ஒருமுறை முழுதாக ஐந்து நிமிடம் நின்றேன்.

அறிகுறி: 'அக்ஸெப்டட்' வரியில் தெரியாத முகவரி

மெதுவாக்கும் பேச்சு இங்கே முடிந்தது. கம்பியைப் பிடுங்குங்கள். மேகக் கணினி என்றால் ஃபயர்வாலில் உங்களைத் தவிர எல்லோரையும் மூடுங்கள். வட்டின் நகலை எடுத்த பிறகு ஆராயுங்கள்: 'ஆதரைஸ்டு_கீஸ்' கோப்பில் அந்நியச் சாவி, நேரம் வைத்து ஓடும் கிரான் வேலைகள், சிஸ்டம்டி டைமர்கள், காரணமில்லாமல் முழு வேகத்தில் ஓடும் செயலி. கடைசியில் சொன்னது பெரும்பாலும் யாருக்காகவோ மோனெரோ என்ற மறைநாணயம் தோண்டுகிறது. கண்டுபிடித்ததை அழித்துவிட்டுத் தொடர்ந்து ஓட்டும் ஆசை வரும். வேண்டாம். புதிதாக நிறுவி, உடைப்புக்கு முந்தைய பிரதியிலிருந்து தரவை மீட்டு, எல்லாச் சாவிகளையும் மாற்றுங்கள். நிறுவனத்தின் சர்வர் என்றால் 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் (கணினிப் பாதுகாப்புக்கான இந்திய அரசு அமைப்பு) வெளியிட்ட உத்தரவு நினைவிருக்கட்டும்: தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும், லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும்.

அறிகுறி: லாக் திடீரென்று அமைதியாகிவிட்டது

எனக்கு மிகவும் பயம் தரும் அறிகுறி இது. நேற்றுவரை தட்டிக்கொண்டிருந்தவர்கள் இன்று ஒருவர்கூட இல்லை. மழையில் ஃபைபர் அறுந்திருக்கலாம். இணைய நிறுவனம் உங்களைப் பகிர்வு முகவரிக்கு மாற்றியிருக்கலாம். ரவுட்டரின் வெளிமுகவரி 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால் அதுதான், வெளியிலிருந்து இனி யாரும் உள்ளே வர முடியாது, நீங்களும்தான். வட்டு நிரம்பி லாக் எழுதுவது நின்றிருக்கலாம். தோல்விகளைச் சேர்த்துவைக்கும் 'பிடிஎம்பி' கோப்பு எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று பாருங்கள், சிறிய மெமரி கார்டில் அது ஒன்றே போதும். இன்னொரு சாத்தியமும் உண்டு. உள்ளே புகுந்தவன் போட்டியாளர்கள் வராமல் இருக்க நம் கதவை நம்மைவிட நன்றாகப் பூட்டிவைப்பது வழக்கம்.

எது என்று தெரிந்துகொள்ள, வைஃபையை அணைத்துவிட்டு, கைப்பேசி இணையத்தில் போய், இல்லாத ஒரு பயனர் பெயரில் நீங்களே ஒருமுறை தட்டுங்கள். அந்தப் பெயர் லாக்கில் வருகிறதா என்று பாருங்கள். நான் எப்போதும் 'தொட்டபெட்டா' என்றுதான் அடிப்பேன். எந்த பாட்டின் பட்டியலிலும் அந்தப் பெயரை இதுவரை பார்த்ததில்லை.